கடைமடைத் தலைவர்

குடகு மலையில் பிறந்து, மேட்டூரில் சிறைப்பட்டு, கல்லணையில் பாகம் பிரிந்து, ஜனங்கள் இன்னமும் புது ஆறு என்று சொல்லுகிற கல்லணைக் கால்வாயின் வழியாகப் பட்டுக்கோட்டைச் சீமைக்குள் நுழைந்து, ராஜாமடம் வாய்க்காலில் மெலிந்து, கடைசியில் உப்பளங்களின் வெண்மை கண்ணில் படுகிற இடத்தில் ‘இனி என்னால் ஆகாது’ என்று காவிரி படுத்துக்கொள்ளுகிறாளே, அந்த இடத்துக்குக் கடைமடை என்று பெயர். மேட்டூர் அணை எழுந்த 1934ஆம் வருஷம் தொட்டு அதிராம்பட்டினத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் இந்தப் பட்டத்தைச் சுமந்து வருகின்றன. கடைமடையின் லட்சணம் யாதெனில், தண்ணீர் மட்டுமல்லாமல் உரம், கடன், உத்தரவு, நிவாரணம் ஆகிய சகல பதார்த்தங்களும் வழிநெடுகக் கசிந்தது போக மிச்சம்தான் அங்கே வந்து சேரும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் மதகைத் திறந்தால், இங்கே வாய்க்கால் நனைவதற்குள் பஞ்சாங்கத்தில் பல தாள்கள் புரண்டுவிடும். இந்த நியமத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது காட்டுப்பன்றி. முறைப்பாசனம் அதற்குக் கிடையாது.

இந்தக் கடைமடையில் ஊருக்கு ஒருவராக விளங்குகிற ஒரு தினுசுத் தலைவரை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். சலவை வேஷ்டி, கரை எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்று எவரும் சத்தியம் செய்ய இயலாதவாறு வெளுத்துப்போன துண்டு, கக்கத்தில் ரெக்ஸின் பை, பை நிறைய மனுக்கள், மனுக்களின் அடியில் குத்துவதற்கு ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரையில் ‘ஒன்றியக் கவுன்சிலர்’ என்பது தூரத்திலிருந்தே படிக்கும்படியாகவும், அதற்கு முந்தி நிற்கிற ‘முன்னாள்’ என்பது பூதக்கண்ணாடிக்கு மாத்திரம் புலப்படும்படியாகவும் செதுக்கப்பட்டிருக்கும்.

காலையில் டீக்கடைப் பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்ததும், பெண்டு பிள்ளைகளின் க்ஷேமத்தை விசாரிக்கிற பாவனையில் யாராவது ஒருவர், “தலைவரே, பன்னியெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்பார்.

“அதுக்கென்ன குறை? ராத்திரிச் சாப்பாடு நம்ம வயல்லதானே” என்று பதில் சொல்லிவிட்டு, கடைக்காரரைப் பார்த்து, “காக்கா, ஒரு டீ; சர்க்கரை வேணாம்” என்பார்.

தஞ்சாவூரில் மாதந்தோறும் கலெக்டர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு, கிழிந்த கதிர்களும் கடிபட்ட மட்டைகளும் அடங்கிய சாக்கு ஒன்றைத் தாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்படுவது அவருக்கு விரதம். அங்கே அவர் செய்கிற பிரசங்கம் ஜில்லா முழுவதும் பிரசித்தம்.

“ஐயா, கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்புகிறார்கள். பன்றி ஒரு காகிதமும் கேட்பதில்லை. நிற்கிற பயிராகவே கொள்முதல் செய்துகொள்கிறது. பணம் கொடுப்பதில்லை என்பதைத் தவிர அதன் நிர்வாகத்தில் நான் ஒரு குற்றமும் காணவில்லை!”

மயில் விஷயத்தில் மாத்திரம் இந்த நாவன்மை சற்றே இடறும். 1963இல் அது தேசியப் பறவையாயிற்று என்பதையும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே அதற்கு ஆசனம் போட்டிருக்கிறது என்பதையும் அவர் லட்சியம் செய்கிறவரல்லர். ஆனால், தைப்பூசம் தவறாமல் காவடி எடுக்கிற ஒரு பக்தர், சுவாமியின் வாகனத்தின்மேல் சர்க்காரிடம் எழுத்துமூலமாகப் புகார் செய்வது எங்ஙனம்? ஆகவே அவருடைய மனுக்களில் மயில் என்ற சொல்லே வராது. ‘தோகையுள்ள ஒருவகைப் பறவை’ என்றுதான் காணப்படும்.

2025ஆம் வருஷம் ஜனவரியில் சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திரிகிற பன்றியைச் சுடலாகாது; ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்தால் பிடித்துக் காட்டில் விடவேண்டும்; மூன்றையும் கடந்துவிட்டதை வனத்துறையினர் சுடலாம். தலைவர் அன்றைக்கே அளவு நாடாவுடன் கிளம்பிவிட்டார். முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டிலிருந்து அளப்பதா, சீமைக் கருவேலம் புதரும் காடுதானா, பன்றி படுத்த இடம் கணக்கா, மேய்ந்த இடம் கணக்கா என்று அவர் கிளப்பிய ஐயங்களைத் தாங்கி ஒரு மனு புறப்பட்டது. ‘பன்றி எங்களுடையதன்று’ என்று ஓர் அலுவலகமும், ‘நிலம் எங்களுடையதன்று’ என்று இன்னோர் அலுவலகமும், ‘பயிர் எங்களுடையதன்று’ என்று மூன்றாவதும் எழுத, மூன்றிலும் ‘மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற மங்கள வாக்கியத்தைப் பெற்றுக்கொண்டு, அந்த மனு புறப்பட்ட இடத்துக்கே சுகமாக வந்து சேர்ந்தது.

வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினால் பன்றி மிரளும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. தலைவருடைய சம்சாரம் சேலை தர மறுத்துவிடவே, மூன்று கட்சிகளைக் கடந்து வந்த தம் பொதுவாழ்வின் சின்னங்களாகப் பரணில் மூட்டையாய்க் கிடந்த கொடிகளை எடுத்துவந்து, நான்கு வரப்பிலும் அவர் தோரணம் கட்டினார். அன்றிரவு பன்றிகள் வந்தன. மூன்று கட்சி வர்ணங்களையும் நின்று நிதானித்துப் பார்த்தன போலும். பின்னர், அடிபட்டுத் தெளிந்த வாக்காளரைப் போல, யாதொரு பேதமும் பாராட்டாமல் உள்ளே நுழைந்தன.

ஆனாலும் அவரை ஜீவகாருண்யம் அற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லுகிற கடற்பசுவுக்காக, பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், நாட்டிலேயே முதலாவது பாதுகாப்பகம் 2022ஆம் வருஷம் ஏற்பட்டதல்லவா? அது குறித்து ஊரில் நடந்த கூட்டமொன்றில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்: “கடலடியில் முளைத்த புல்லைத் தின்று, கடலுக்குள்ளேயே காலந்தள்ளுகிற இந்த உத்தம ஜீவனுக்கு என் பூரண ஆதரவு. சர்க்கார் பாதுகாக்கிற பிராணிகளில் என் வயலுக்குள் கால் வைக்காதது இது ஒன்றுதான்.” கடற்பசுவுக்குக் கால் இல்லை என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திருத்தினார். “அதனால்தான் சொல்கிறேன்” என்றார் தலைவர்.

இவ்வளவு பேசுகிற மனிதர் எந்த மேடையிலும் வாய் திறவாத விஷயம் ஒன்று உண்டு. 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் வீசிய கஜா புயலில் அவருடைய தென்னந்தோப்பு தரையோடு தரையாயிற்று. கடன் வாங்கிக் கன்று நட்டார். பன்றி குருத்தைத் தோண்டித் தின்றது. மறுபடியும் நட்டார். நட்ட கன்று காய்க்க வருஷம் ஐந்தாறு ஆகும். அவருக்கோ அறுபது கடந்துவிட்டது. இதை ஏன் கூட்டத்தில் சொல்வதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“அதைச் சிரிக்கிற மாதிரி சொல்ல வரலை தம்பி. சிரிக்காட்டி எவன் கேக்குறான்?” என்றார்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் பட்டுக்கோட்டையிலிருந்து நேரங்கழித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனியில் நனைந்த வயல்களின் நடுவிலிருந்து தகர டின்னைத் தட்டுகிற ஓசையும், அதற்கு மேலே, மேடையில் கேட்டுப் பழகிய அந்தக் குரலும் வந்தன. தலையில் முண்டாசும் கையில் பேட்டரி விளக்குமாகத் தலைவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சற்று நேரத்தில் பயிருக்குள் சலசலப்பு எழுந்து, நகர்ந்து, அடங்கியது.

“போயிட்டுதா அண்ணே?” என்றேன்.

“போகும், போகும்” என்று முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பக்கத்து வயலுக்கு, மேல்நடவடிக்கைக்காக அனுப்பி வச்சிருக்கேன்.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வயலில் வேறொரு டின் ஒலிக்கத் தொடங்கிற்று.