வால் எண் என்ன?

கேள்வி: அப்பா 30 வருடம் விமானி. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் ஓட்டியதிலேயே பெரியது போயிங் 747. அதை மரத்தில் செய்யச் சொல்லிப் பரிசளிக்கலாம் என்றிருக்கிறோம். சரிதானே?

பதில்: 747 அழகுதான். ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் அப்பாவின் லாக் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. தேதி, விமான வகை, பதிவெண் (வால் எண்), பறந்த நேரம் என்று ஒவ்வொரு பயணத்தையும் விமானிகள் வரிவரியாக எழுதி வைக்கும் நோட்டு அது. அதன் தொடக்கப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும்: பயிற்சியாளர் கீழே இறங்கிக்கொள்ள, மாணவர் தன்னந்தனியாக விமானத்தைக் கிளப்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிய நாள். சிவில் விமானிகள் பலருக்கு அது செஸ்னா 152 அல்லது 172 ஆக இருக்கும். 747இல் பக்கத்தில் எப்போதும் இன்னொரு விமானி இருந்தார். அந்தக் குட்டிச் செஸ்னாவில் பக்கத்து இருக்கை காலி. எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் மறக்காத இருக்கை அது!

அப்பாவுக்குத் தெரியாமல் செய்து அசத்த வேண்டும் என்றாலும் அந்த நோட்டு ஒன்றே போதும். வால் எண் வரை அதில் இருக்கிறது.

கேள்வி: வால் எண் அவ்வளவு முக்கியமா? பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே?

பதில்: கடையில் வாங்கும் மாதிரி அந்த வகையைச் சேர்ந்த எல்லா விமானங்களுக்கும் பொது. சொல்லிச் செய்வது ஒரே ஒரு விமானத்துக்காக. 1927இல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தில் ‘என்-எக்ஸ்-211’ என்று எழுதியிருந்தது; அந்த எழுத்து இல்லாத மாதிரி அந்த விமானமே இல்லை. 1947 அக்டோபர் 14 அன்று ஒலியின் வேகத்தைத் தாண்டிய சக் யேகர், தன் பெல் எக்ஸ்-1இன் மூக்கில் மனைவி கிளென்னிஸின் பெயரை எழுதி வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு மாதிரி செய்தால் யேகர் வீட்டில் யார் ஏற்பார்கள்? இந்தியச் சிவில் விமானங்களுக்கு ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவு எழுத்துகள். விமானப்படை என்றால் வரிசை எண்ணும் ஸ்குவாட்ரன் சின்னமும். இவற்றைக் கேட்டு வாங்காமல் வேலையைத் தொடங்கும் கைவினைஞரிடம் முன்பணம் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

கேள்வி: ‘1:72’ என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடும் கணக்கு. 6 அடிக்கு 72 அங்குலம் அல்லவா? இந்த அளவு பெயர் பெற்றதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. எதிரி விமானத்தைத் தொலைவிலேயே அடையாளம் காணப் பழக்குவதற்காக, 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரிகள் செய்து தரச் சொன்னது, எல்லாம் 1:72. அதை 35 அடி தள்ளிப் பிடித்தால், அரை மைல் தூரத்து நிஜ விமானம் போலத் தெரியும்.

வீட்டு அலமாரிக்கு வேறு கணக்கு. போயிங் 737-800இன் நீளம் 39.5 மீட்டர்; 1:100இல் செய்தால் 39.5 சென்டிமீட்டர், மேசைக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். அதே 1:100இல் 747-400 செய்தால் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். ஷோகேஸை மாற்ற வேண்டி வரும். இறக்கை அகலம் 7.15 மீட்டரே உள்ள மிக்-21ஐ 1:72இல் செய்தால் ரொம்பச் சிறிதாகிவிடும். அதற்கு 1:32 பொருத்தம்.

கேள்வி: மர மாதிரிகள் பிலிப்பைன்ஸிலிருந்து வருகின்றனவாமே?

பதில்: ஆமாம், அதற்கு ஒரு கதை உண்டு. பம்பாங்கா மாகாணத்தில் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டி அமெரிக்காவின் கிளார்க் விமானத்தளம் இருந்தது. அந்த மாகாணத்தின் பெட்டிஸ் பகுதியில் மரச் சிற்ப வேலை பரம்பரைத் தொழில். ஊர் திரும்பும் வீரனுக்கு, அவன் பறந்த விமானத்தையே மகோகனி மரத்தில் கடைந்து கொடுக்கும் தொழில் தளத்தைச் சுற்றி வளர்ந்தது. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்துச் சாம்பலைக் கொட்டியது. அந்த ஆண்டே அமெரிக்கர்கள் தளத்தைக் காலி செய்தார்கள். வாடிக்கையாளர் போனபிறகும் உளி ஓயவில்லை. தபாலில் வரும் புகைப்படங்களைப் பார்த்து உலகத்துக்கே செய்து அனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் கைகளுக்கு ஒரு வணக்கம் வைக்கத்தான் வேண்டும்.

மரம் நன்றாக உலர்ந்ததா என்று கேட்பது அவசியம். ஈரம் மிஞ்சிய மரம் நம்மூர் வெயிலில் இறக்கையடியில் வெடிப்பு விடும்.

கேள்வி: செய்பவர்கள் எங்கே தவறு விடுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் எஞ்சினில். ஏ320இலேயே பழையதற்கும் ‘நியோ’வுக்கும் எஞ்சின் பருமன் வேறு. நியோவின் லீப் எஞ்சின் விசிறி 78 அங்குல விட்டம், பழைய சி.எஃப்.எம். விசிறி 68 அங்குலம் சொச்சம். 1:100இல் இந்த வித்தியாசம் கால் சென்டிமீட்டர்தான். பத்து வருடம் அதைச் சுற்றி வந்து பரிசோதித்தவர் கண்ணுக்கு அந்தக் கால் சென்டிமீட்டர் தெரியும்.

இன்னும் சிக்கலான விமானம் அரக்கோணத்திலேயே இருந்தது. ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் காவல் காத்த டுபோலெவ் 142 எம். 1988இல் கடற்படையில் சேர்ந்து, 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றது. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழல்விசிறி, இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். அதனால் முன் விசிறியின் தகடுகள் ஒரு பக்கம் சாய்ந்தால், பின் விசிறியின் தகடுகள் மறுபக்கம் சாய வேண்டும். மொத்தம் 32 தகடுகள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்து வைத்தால், அதில் பறந்தவர் மனம் கேட்காது. விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஒரு டுபோலெவ் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆர்டர் கொடுப்பவர் அங்கே போய் நாலா பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு படம், அடித்தபின் ஒரு படம் கேட்டு வாங்குவதும் நல்லது. மரமாக இருக்கும்போது திருத்தலாம். வண்ணம் ஏறியபின் கஷ்டம்.

கேள்வி: சக்கரம் மேலேயா, கீழேயா?

பதில்: ஸ்டாண்டில் நின்றால் மேலே. பறக்கும் விமானம் காலை மடக்கிக்கொள்ள வேண்டாமா? செஸ்னா 152, 172 போன்றவை விலக்கு. அவற்றுக்குப் பெரும்பாலும் மடங்காத கால்.

கேள்வி: நவராத்திரிக் கொலுவில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக! கொலுவுக்குக் கீழே அமைக்கும் ஊரில் ஒரு விமான நிலையம் வந்தால் குழந்தைகள் நகரவே மாட்டார்கள். விளக்குச் சூடு மட்டும் படக்கூடாது. மற்ற நாட்களில் ஜன்னல் வெயிலும் ஆகாது, வண்ணம் வெளுத்துவிடும்.

கேள்வி: அடித்தட்டில் என்ன பொறிப்பது?

பதில்: பெயர், பதிவெண், முதலில் தனியாகப் பறந்த தேதி, கடைசியாகப் பறந்த தேதி. பொறிப்பதற்கு முன் இவற்றை ஒரு சீட்டில் எழுதி அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிடலாம். எந்த விமானம் எத்தனை மணிக்கு இறங்கியது என்று இத்தனை வருடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தவர் அவர். தேதியில் பிழை இருந்தால் உடனே சொல்லிவிடுவார்.