எலுமிச்சையின் குலம் கோத்திரம்

எலுமிச்சைக்குப் பூர்வீகம் எங்கள் ஊர்தானே?
(புளியங்குடி வாசகர்)

ஊர்ப் பேரில் புளி, மண்டியில் எலுமிச்சை. உங்கள் ஊரே ஒட்டுச்செடி மாதிரித்தான் இருக்கிறது! பழமும் கலப்புதான். 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 60 சிட்ரஸ் வகைகளின் மரபணுத் தொகுதிகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டது. எலுமிச்சைக்கு அப்பா நார்த்தை. அம்மா பிலிப்பைன்ஸ் காட்டுப்பழம். ஜாதகம் பார்த்தா கட்டி வைத்தார்கள்?

அப்படியானால் என் தோப்பில் 100 மரமும் 100 ரகமா?

ஆசைதான்! எலுமிச்சை விதையில் அப்பாவின் பங்கே இல்லாமல் முளைக்கும் கன்றுகள் ஏராளம். அம்மாவின் அச்சு நகல். மகரந்தம் கொடுத்தவருக்கு இனிஷியல்கூடக் கிடையாது. ஆபத்தும் அதில்தான்: எல்லாம் ஒரே மாதிரி என்றால், ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் தோப்பையே சாய்த்துவிடும்.

மனிதர்களிடமும் இந்த மரபணுக் கணக்குப் போடுகிறார்களாமே, ஜோசியமா?

ஜோசியருக்கு 12 கட்டம் போதும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகமும் ஹார்வர்டும் 2009-ல் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரிடம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுப் புள்ளிகளைப் பார்த்தன. அதன்படி, இந்தியர்களில் பெரும்பாலோர் இரண்டு பழைய வேர்களின் கலவை, விகிதம்தான் வேறு. ‘சுத்த ரத்தம்’ என்பது பிளட் பேங்க்கில் மட்டும்தான்.

சொந்த ஜாதிக்குள்ளேயே கட்டினால் என்ன குறைந்துவிடும்?

சொத்து வெளியே போகாது. பரம்பரை நோயும் போகாது! தெற்காசியாவின் 263 சமூகங்களை அலசிய 2017 ஆய்வில், 81 சமூகங்கள் சில பாட்டன்மாரிலிருந்து பெருகியதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிடக் குறுகலான மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. சில சமூகங்களின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். கூட்டம் பெரிசு, பாட்டன்மார்தான் கொஞ்சம்.