நாலாம் ஆள் கோட்பாடு: கம்பளையார் அயல்நாட்டு நட்பு குறித்த ஆய்வு

வெளிநாட்டில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு நண்பர்களைச் சேர்த்துத் தரும் என்பது பரவலான நம்பிக்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. நட்பைத் தருவது பொழுதுபோக்கல்ல, அதற்கு ஓர் ஆள் குறைவதே.

சான்றுக்கு எம் ஊரான இலங்கைக் கம்பளையைத் தாண்ட வேண்டியதில்லை. 1344 இல் இலங்கை வந்த பயணி இப்னு பதூதா, அதற்குச் சற்று முன்புவரை மாலைதீவில் காதியாராக இருந்தவர்; ஆகவே முறையான வெளிநாட்டு உத்தியோகத்தர். பொழுதுபோக்கு, பாவா ஆதம் மலை ஏறுவது. வழியில் கண்டதாக அவர் சொல்லும் குனகார் நகரம் கம்பளை என்பாரும் உண்டு, குருநாகல் என்பாரும் உண்டு. ஊர்ப்பற்று கருதி நாம் முன்னவர் கட்சி. மலைக்குப் புறப்படுகையில் யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி அவருடன் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சுமை தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பினான். ஆள் குறையவில்லை, கதவு தட்டும் தேவையும் எழவில்லை.

1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைச் சிங்ஹபிட்டியவில் கோப்பி போட்ட பிறகு மலையேறி வந்த துரைமாரின் நிலை வேறு. கிரிக்கெட்டுக்குப் பதினொருவர் வேண்டும். தோட்டத்தில் இருப்பதோ ஒரு பெரிய துரை, ஒரு சின்னத்துரை. மிச்ச ஒன்பது பேரை மலைக்கு மலை தேடியதன் விளைவே டிக்கோயா, டிம்புள்ளக் கழகங்கள் என்பது எம் துணிபு. தொழிலாளர் லயத்தில் ஆள் நிறையவே இருந்தார்கள். அவர்களை யாரும் ஆட்டத்துக்கு எண்ணவில்லை. கோட்பாட்டில் இது பெரிய ஓட்டைதான்.

இன்றைய களம் தோஹா. கம்பளைக் கணக்காளர் ஒருவர், கியூ.எஸ். (அளவு மதிப்பீட்டாளர்) ஒருவர், இன்னொருவர், வியாழன் இரவு, நடுவில் கரம் பலகை. பவுடர் தூவியாயிற்று, நாலாம் ஆளைக் காணோம். அதுவரை லிப்டில் தலையாட்டலோடு நின்ற மேல்மாடிக்காரரின் கதவைத் தட்டுகிறார்கள்.

"நானா, கரம் அடிப்பீங்களா?"

"சும்மா அடிப்பன்."

இந்த விடையை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். உண்மையில் சும்மா அடிப்பவர் "நல்லா அடிப்பன்" என்றே சொல்வார்.

பலகை 74 செ.மீ. சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படாது. இந்தச் சிறு பரப்பில் கூட்டாளி எதிரே முகம் பார்த்து உட்கார்ந்திருப்பார். யோசனை சொல்லக் கூடாது. சொல்லாத யோசனையெல்லாம் முகத்தில் ஓடும். 22 புள்ளி எட்டியவருக்குச் சிவப்புக் காய் புள்ளி தராது என்பது சர்வதேச விதி. சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988 இல் சென்னையில் தொடங்கியது. அதன் விதிகள் மேல்மாடிக்காரரை இன்னும் எட்டவில்லை.

"எங்கட ஊர்ல அப்பிடி இல்லையே!"

"எந்த ஊரு?"

"நாவலப்பிட்டி."

கம்பளைக்குப் பக்கத்து ஊர். அடுத்த அரைமணி நேரம் யாரும் காய் அடிப்பதில்லை. யார் மச்சான் யாருக்குச் சகலன் என்ற விசாரணை நடக்கிறது. விதித் தகராறு அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. தீர்ந்துவிட்டால் அவர் வர மாட்டாரோ என்ற அச்சமும் இதில் உண்டு.

ஐந்தாம் ஆள் வந்தால் என்ன செய்வது? அவர் பிளேன்டீ ஊற்றுவார், புள்ளி எழுதுவார், இரு தரப்புக்கும் பொதுவாகப் பிழையான தீர்ப்பு வழங்குவார். இன்னொரு பலகை வாங்கினால் ஒரே இரவில் மூன்று பேர் குறைவார்கள், நட்பு மும்மடங்காகும். யார் காசில் வாங்குவது என்பதில் ஆய்வுக்குழுவுக்குள் உடன்பாடு இல்லை.