மதுரை–திருவனந்தபுரம் வான்தூரம்: புளியங்குடி நோக்கில் ஓர் ஆய்வு

மதுரை, திருவனந்தபுரம் விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் எவ்வளவு? விமானமே இறங்காத புளியங்குடிக்கு இந்த வினா எதற்கு என்று கேட்பார் உளர். நடுவில் கிடப்பவனுக்குத்தான் இரு பக்கத்துத் தூரமும் உறுத்தும் என்க.

இவ்வூரில் இதற்கு இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது எலுமிச்சை மார்க்கெட் மரபு. இதில் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது. "ராத்திரி லோடு ஏத்துனா விடியுமுன்ன இறக்கிரலாம்" என்பதே அளவை. "வானத்துல கல்லு நட்டிருக்கானா, அண்ணாச்சி?" என்று அம்மரபினர் எழுப்பும் தடைக்குத் தக்க விடை இன்னும் வரவில்லை.

இரண்டாவது நூல் மரபு. எலுமிச்சம்பழத்தில் இரண்டு குண்டூசி குத்தி, இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். பெருவட்டப் பாதை என்பது அதுதான். அமெரிக்கா போகும் விமானம் தட்டைப் படத்தில் வடக்கே வளைந்து போவதாகத் தெரிவதும் இதனால்தான். பழத்துக்கு நுனியில் மூக்கு உண்டு. பூமியோ துருவத்தில் சப்பை, நடுக்கோட்டு ஆரத்தைவிடத் துருவ ஆரம் 21 கிலோமீட்டர் குறைவு. இது பழத்தின் குற்றமேயன்றி முறையின் குற்றமன்று.

இனி கணக்கு. மதுரை நிலையம் வடக்கு 9.83, கிழக்கு 78.09 பாகை, திருவனந்தபுரம் 8.48, 76.92. அட்சத்தில் 1.35 பாகை வித்தியாசம். பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 150. தீர்க்கத்தில் 1.17 பாகை, நம் அட்சத்தில் பாகைக்கு 110 வீதம் 129. இவ்வளவு கிட்டத்துக்குப் பிதாகரஸே போதும்: 198 கிலோமீட்டர், அதாவது 107 கடல் மைல். அளப்பது ஓடுதளத்தை ஒட்டிக் குறித்த ஒரு புள்ளியிலிருந்து. செக்-இன் வரிசை சேர்த்தியில்லை.

இக்கோட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது? சங்கரன்கோவிலுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில்! பாதி சிவன், பாதி திருமாலாக சங்கரநாராயணர் நிற்கும் ஊரில் தூரமும் சரிபாதியாவதைத் தற்செயல் என்று தள்ள ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. புளியங்குடிக்காரர்களுக்கு இந்த முடிவு புளிக்கும். ஆயினும் ஆறுதல் உண்டு: மதுரையிலிருந்து புளியங்குடி 106, அங்கிருந்து திருவனந்தபுரம் 93. கூட்டினால் 199. புளியங்குடியைத் தொட்டுப் போனால் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் சுற்று. டவுன் பஸ்கூட இதைவிட அதிகம் சுற்றும்.

இக்கோட்டில் விமானம் ஓடுகிறதா என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஓடினாலும் விமானிகள் நேர்கோட்டில் போவதில்லை. குறித்துவைத்த வழிப்புள்ளிகளைத் தொட்டே போவார்கள். புளியங்குடிவாசி இதில் போக விரும்பினால் முதலில் 106 கிலோமீட்டர் எதிர்த்திசையில் மதுரைக்குப் போய், விமானமேறி, மறுபடி தன் ஊர்ப்பக்கமே வந்து, தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போகிறவர் வலப்பக்க ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குவது உத்தமம். மேகம் இல்லாவிட்டால், பத்து கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் ஊர் தெரியும்.