பாட்டிக்கு முப்பது நாள்

அனுப்புநர்: கணவரின் வேலை பாஸோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மனைவி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.

பெறுநர்: யார் யாரோடு எத்தனை நாள் குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கும் உயர்திரு கவுண்டர் அவர்கள்.

பொருள்: பாட்டிக்குக் கால நீட்டிப்பும் பிற குடும்ப விவகாரங்களும்.

உயர்திரு கவுண்டர் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் கண்ணாடித் தடுப்பும், கை மட்டும் நுழையும்படி அதன் அடியில் விட்டிருக்கும் சந்தும், எண் கூப்பிடும் இயந்திரமும் நலமென்று நம்புகிறேன். நாங்களும் நலம். பாஸ் முடியும் தேதி வரைக்கும் நலம். அதற்கு மேல் எப்படி இருப்போம் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் திண்டுக்கல் பக்கம். எம்.எஸ்ஸி., பி.எட். ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. இங்கே வந்த பிறகு நான் கணக்கு எடுப்பது என் பையனுக்கு மட்டும்தான். அனுமதி இல்லாமல் நான் வேலை பார்க்கக் கூடாது. அனுமதி கேட்டால், முதலில் வேலை கொடுக்கிற ஆளைக் காட்டு என்கிறார்கள். வேலை கொடுக்கிற ஆளோ, அனுமதி இருந்தால் வாங்கம்மா என்கிறார். இந்தச் சமன்பாட்டை எப்படிப் போட்டாலும் இரண்டு பக்கமும் பூஜ்யம்தான் வருகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலியோரம் நின்றபடி பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மறுநாள் அவள் அம்மா இரண்டு பப்பாளி கொண்டுவந்து நீட்டினார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டோம். இது ஊதியத்தில் சேருமோ என்ற பயத்தில் இன்னொன்றைச் சாட்சியமாக ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர் என்ற முறையில் தங்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சம்பள ஏணிதான். நாங்கள் வந்த சமயத்தில் நடப்பில் இருந்தது 2017 செப்டம்பரில் வந்த ஏணி. மாதம் 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குகிற வெளிநாட்டு நிபுணர் முதல் வகை. 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் வகை. 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் வகை. இவரும் நிபுணர்தான், பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவர முடியாத நிபுணர். ஆக, அன்றைய கணக்கில் 4,999 வெள்ளிக்காரர் பிரம்மச்சாரி, இன்னும் ஒரு வெள்ளி ஏறினால் சம்சாரி. ஒரு வெள்ளிக்கு இன்றைக்கு ரொட்டி சானாய்கூடக் கிடைப்பதில்லை. தங்களிடம் அன்றைக்கு ஒரு குடும்பமே கிடைத்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்தும் பார்த்த ஜோசியர், இந்தச் சம்பளப் பொருத்தத்தைக் கோட்டைவிட்டார் என்று என் அம்மாவுக்கு இன்னும் கோபம்.

கணவர் முதலில் வந்தது மூன்றாம் வகையில். அவர் இங்கே அல்மாவில் ஓர் அறையில் நாலு பேரோடு, நான் அங்கே மாமியார் வீட்டில். நடுவில் இரண்டரை மணி நேர வித்தியாசம். இவர் இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை எட்டுக்குக் கூப்பிட்டால் அங்கே ஐந்தரை, பையன் தூங்குவான். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூப்பிட்டால் இங்கே இருட்டத் தொடங்கியிருக்கும், இவர் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பார். ஆக மொத்தம் ஞாயிற்றுக்கிழமை அப்பா. பையனுக்கு அதுவே பழகிவிட்டது. பிறகு சம்பளம் ஏறி நாங்கள் வந்து சேர்ந்தோம். ஞாயிறு போய் திங்கட்கிழமையும் இவர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பையன் அடுப்படிக்கு வந்து, “இவரு எப்பம்மா கிளம்புவாரு?” என்று என் காதில் கேட்டான்.

தங்கள் முன்னோடிகள் குடும்ப விஷயத்தில் தாராளமானவர்கள். 1908-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை வைத்து, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிற கூலியாட்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தார்கள். பினாங்கில் கால் வைக்குமுன் ஜெரெஜாக் தீவில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைத்தார்கள். சம்பளச் சீட்டு கேட்டு யாரையும் நிறுத்தவில்லை. ரப்பர் மரத்துக்குப் பொம்பளைக் கையும் வேண்டியிருந்தது, பிள்ளைக் கையும் வேண்டியிருந்தது. அந்தத் தாராளத்தின் ரகசியம் அவ்வளவுதான். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆள் வேண்டும்போது குடும்பம் வசதி, வேண்டாதபோது குடும்பம் பாரம் என்ற கொள்கையில் ஆட்சி மாறியும் மேசை மாறவில்லை என்கிறேன். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-ல் சட்டம் வந்தது. எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் அதில் இரண்டாகப் போயின. எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பாட்டி ஒருவரின் அண்ணன் அப்போதுதான் கப்பலேறினார். இவர் தங்கிவிட்டார். இந்த வட்டாரத்தை விட்டு ஈப்போவுக்கு அப்பால் போனதில்லை என்கிறார். கையில் இருப்பது இன்னமும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி.

அவரைவிட மூத்த வெளியூர்க்காரர் ஒருவர் செரோக் தோக்குனில், செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் இருக்கிறார். பாறைதான். 1845-ல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டு பதிவு செய்தார். அதில் வெட்டியிருப்பது பல்லவர் கால எழுத்தைச் சேர்ந்தது, ஆயிரத்து ஐந்நூறு வருஷப் பழசு என்கிறார்கள். ஜூலை திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிற யாரும் அதனிடம் பாஸ் கேட்டதாகத் தெரியவில்லை. கூடுதலாகத் தங்கியதற்கு அபராதம் நாளுக்கு எவ்வளவு என்று தாங்கள் சொன்னால், பெருக்கித் தர நான் தயார். இலவசமாகத்தான், அனுமதி இல்லையே.

மாமனார் இறந்தபோது எங்கள் கடவுச்சீட்டுகள் புதுப்பிப்புக்காக ஓர் அலுவலகத்தின் அலமாரியில் இருந்தன. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அலமாரிகள் எங்கும் ஒரே சாம்பல் நிறம்தான். விடியற்காலை போன் வந்தது. கதவு திறக்கிற நேரத்துக்கு இவர் அங்கே போய் நின்றார். இறப்புச் சான்று கேட்டார்கள். உயிர் போய் நாலு மணி நேரம், அதற்குள் யார் சான்று கொடுத்திருப்பார்கள்? கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது தமிழில் இருந்தது. மொழிபெயர்த்து, முத்திரையோடு கொண்டுவரச் சொன்னார்கள். ஊரில் ஐஸ் பெட்டிக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று பங்காளிகள் அன்று முழுக்கப் பொறுத்தார்கள். மறுநாள் மத்தியானம் பெரியப்பா பேசினார். “தம்பி, இனிமே வச்சிருக்க முடியாதுப்பா. சின்னவன விட்டு எடுத்திடறோம். நீ அங்கயே தல முழுகிடு.”

இவர் தலை முழுகவில்லை. முதலில் கடைத்தெருவில் இருக்கும் தமிழ் சலூனுக்குப் போனார். அங்கே கத்தரி பிடிப்பவர் சிவகங்கைக்காரர். முடிதிருத்தும் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்க வெகுநாளாக இருந்த தடையை 2023-ல் தளர்த்தினார்களே, அதில் வந்தவர். விஷயம் தெரிந்ததும் எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். காத்திருந்த இரண்டு பேரிடம், “அண்ணே, அரை மணி நேரம் கழிச்சு வாங்க” என்றார். சுழல் நாற்காலியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி, தலையில் தண்ணீர் தெளித்தார். அதுவரை இறுகிப்போய் இருந்த மனுஷன் அந்தத் தண்ணீர் பட்டதும்தான் அழுதாராம். முடிந்த பிறகு சலூன்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். “எங்கப்பா போனப்பவும் நான் இந்தக் கடையிலதாண்ணே நின்னுக்கிட்டிருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தாங்கள் கொடுத்திருப்பது தற்காலிக வேலை பாஸ். அந்தப் பாஸில் குடும்பத்தை அழைத்துவர முடியாது. கல்யாணமாகாதவராக இருந்தால் இங்கே யாரையும் கட்டிக்கொள்ளவும் முடியாது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னதை இன்னும் கையில் தூக்கியதில்லை. தங்கள் ஏணியில் மூன்றாம் படிக்கும் கீழே, தரையில் நிற்கிறவர். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அங்கிருந்து 5,000-க்கு ஏற எத்தனை தலை வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். மனசு வரவில்லை, அழித்துவிட்டேன்.

இனி மனுவின் முக்கியப் பகுதி.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், முப்பது நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் கதவைத் திறந்தீர்கள். அடுத்த டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேர் விமானமும் விட்டது. என் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா அதில்தான் வந்தார். பெட்டியில் பாதி லேகியம், சுக்கு, பூண்டு, பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்த துணி. டாக்டர் குறித்த தேதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். பிள்ளை கொஞ்சம் பின்னால்தான் வந்தது. முப்பது நாள் கணக்கை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும். பாதி நாள் காத்திருப்பிலேயே கழிந்துவிட்டது.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டு வழக்கம் நாற்பது நாள் ஓய்வு. பக்கத்து வீட்டு மலாய் அக்கா, பந்தாங் நாற்பத்து நாலு நாள் என்றார். எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்ட கோழிச் சாற்றோடு வந்து, ஒரு மாதம் போதும் என்றார். தாங்கள் எதிர்வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது தெரிகிறது. ஆனால் ஆன்ட்டியின் முப்பது நாள் பிள்ளை பிறந்ததிலிருந்து ஓடுகிறது, தங்களுடையது விமானம் இறங்கியதிலிருந்து. அம்மா கிளம்பிய அன்று எனக்குத் தையல்கூடச் சரியாக ஆறவில்லை. பூண்டுக் குழம்பை டப்பா டப்பாவாக ஊற்றி ஃபிரீசரில் அடுக்கி, மூடியில் கிழமை எழுதி ஒட்டிவிட்டுப் போனார். குளிப்பாட்டும்போது பாப்பாவின் கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று இவருக்குப் பாடம் எடுத்தது பாயான் லெப்பாஸ் விமான நிலைய வாசலில், ஒரு தோள்பையைப் பாப்பாவாக வைத்து.

பெற்றோருக்கு நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ் என்று ஒன்று இருக்கிறதே, கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். என் அம்மா எனக்கு அம்மாதான் என்பதற்கு என் பிறப்புச் சான்று வேண்டுமாம். அதை எழுதிய புண்ணியவான் அம்மா பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறார். கடவுச்சீட்டில் அந்த எழுத்து இருக்கிறது. ஆக எனக்கு இரண்டு அம்மா, இருவரில் யாருக்கும் பாஸ் இல்லை. போதாக்குறைக்கு எங்கள் இனிஷியல் வழக்கம். இவருக்குப் பின்னால் மாமனார் பெயர், எனக்குப் பின்னால் என் அப்பா பெயர், பையனுக்குப் பின்னால் இவர் பெயர். கடைசிப் பெயர் மூன்றும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்து, நீங்கள் ஒரே குடும்பமா என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மாவின் பெயரைத் திருத்த ஊரில் யாராவது தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும். அப்படி அலையக்கூடிய ஒரே ஆள் அம்மாதான். அவரோ அப்போது இங்கே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் அருகில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளூர்ப் பெண்களுக்கு இந்தப் பாடு இல்லை என்று பொறாமைப்படவும் வழியில்லை. சிவப்பு ஐசி பாட்டியின் பேத்திக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. திருச்சிக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே பிள்ளை பெற்றாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா மலேசியராக இருந்தால் பதிந்தாலே குடியுரிமை. அம்மா மட்டும் மலேசியராக இருந்தால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், அம்மாவுக்கும் அதே உரிமை உண்டு என்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைத் தள்ளியது. 2024 அக்டோபரில் மக்களவை அரசமைப்பையே திருத்தி, அம்மாவும் சேர்த்திதான் என்றது. ஆனால் அந்தத் திருத்தம் நடப்புக்கு வருமுன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. பேத்தியின் பிள்ளை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது, என் பிள்ளை தாமதமாகப் பிறந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு அலுவலக நேரம் பிடிபடுவதே இல்லை.

கடைசியாக, பாப்பா விஷயம். பிறந்தது இங்கே என்றாலும் அவள் இந்தியப் பிள்ளை. ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, கடவுச்சீட்டு எடுத்து, அதன் பிறகு தங்களிடம் அவளுக்கு ஒரு பாஸ் வாங்க வேண்டும். போட்டோவில் கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கிற கை தெரியக் கூடாது, பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் என் தலையோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, என் மடியில் அவளைச் சாய்த்து எடுத்தார். படம் நன்றாக வந்திருக்கிறது. பாப்பாவுக்குப் பின்னால் தெரிகிற சுவர் நான்தான்.

விண்ணப்பத்தில் மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ‘நாட்டுக்குள் நுழைந்த இடம்’ என்ற கட்டத்தில் ‘பிரசவ அறை’ என்று எழுதினேன். ‘நுழைந்த மார்க்கம்’ என்பதற்குத் தரை, கடல், ஆகாயம் என்று மூன்று கட்டங்கள் கொடுத்திருந்தீர்கள். எதையும் டிக் செய்யாமல் விட்டதால் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றில் எது என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே வந்து எண் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வரிசையில் நிற்கும்
ஒரு கணக்கு டீச்சர்