உள்ளே தேக்கு

தெருவில் யாராவது வீடு காலி செய்கிறார்கள் என்றால் மூட்டைப்பூச்சிகளுக்கு அடுத்தபடியாக அந்தச் சேதி தெரிந்துவிடுவது இவருக்குத்தான். லாரி வருமுன் வாசலில் வந்து நிற்பார். பீரோ, ஃப்ரிட்ஜ் எதையும் விசாரிக்க மாட்டார். மாடிப்படிக்கு அடியில் உடைந்த வாளியைத் தாங்கிக்கொண்டு ஒரு முக்காலி கிடந்ததே, அது எங்கே என்பார்.

எல்லாக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உத்தியோகம் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருக்கலாம். குலதெய்வம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவருடைய சமயக் கொள்கை ஒன்றுதான்: எந்தப் பெயிண்டைச் சுரண்டினாலும் உள்ளே தேக்கு இருக்கும்.

சாமானைப் பார்த்ததும் முதலில் விரல்முட்டியால் தட்டுவார். ஒரு பக்கமாகத் தூக்கிக் கனம் பார்ப்பார். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை நகத்தால் கீறி மூக்கை வைப்பார். தேக்குக்கு லேசாகத் தோல் வாசனை உண்டு என்பது வாஸ்தவம். இவருக்கு அது வேப்பம்பலகையிலும் அடிக்கும், பிளைவுட்டிலும் அடிக்கும். "பர்மா சார், பர்மா! 2014-லயே அவங்க முழு மரம் ஏற்றுமதியை நிறுத்திட்டாங்க. இனிமே இது கண்ணுல படுமா?" என்பார். அதுவரை சும்மா கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்போதுதான் விலை சொல்ல ஆரம்பிப்பார்.

காரைக்குடியில் உறவுக்காரக் கல்யாணம் என்றால் தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் இருப்பார். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வந்த தூண், நிலை, ஊஞ்சல் பலகை, கால்பெட்டி எல்லாம் அங்கே கடை கடையாகக் குவிந்திருக்கும். மொய் எழுத வைத்திருந்த பணத்தில் ஒரு நாற்காலிக்கு அச்சாரம் கொடுத்துவிட்டுப் பந்திக்கு வந்து சேருவார். நாற்காலிக்கு மூன்று கால். "நாலாவது நானே பண்ணிக்குவேன்." அதை ஊருக்குக் கொண்டுவரும் குட்டி யானையின் வாடகை நாற்காலியின் விலையைத் தாண்டும். அந்தக் கணக்கு மட்டும் வீட்டில் பேசப்படாது.

அடுத்தது உப்புத்தாள் படலம். 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 220, 320 என்று ஏறவேண்டும், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பார்க்க வந்தவருக்குப் பாடமும் நடத்துவார். "2017 நவம்பர்லேருந்து வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் அமல்ல இருக்கு. இது அதுக்கு முந்தின பெயிண்ட். இந்தத் தூசி மகா ஆபத்து" என்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை தூசி காத்திருக்காது. கீழ்வீட்டுக் கொடியில் கஞ்சி போட்டுக் காயும் வெள்ளை வேட்டி இளம்பச்சையாக மாறியிருக்கும்.

பச்சைக்கு அடியில் நீலம் வரும். நீலத்துக்கு அடியில் ரெட் ஆக்ஸைடு. அதற்கும் அடியில் யாரோ பட்டி பார்த்த வெள்ளை. விடாமல் தேய்ப்பார். ஒருவழியாக அழகான ரேகை எட்டிப் பார்க்கும். "பாத்தியா!" என்று வீட்டையே கூப்பிடுவார். அவர்கள் வந்து சேருவதற்குள் ரேகை மறைந்திருக்கும். அது பிளைவுட்மேல் ஒட்டிய வெனீர். கனம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அவர் கையில் இருந்ததோ 80-ஆம் நம்பர்.

அவர் கலங்குவதில்லை. "ஸ்டெயின் அடிச்சா தேக்கேதான்." ஸ்டெயினின் சுபாவம் வேறு. பெயிண்ட் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும், ஸ்டெயின் காட்டிக்கொடுத்துவிடும். சுரண்டாமல் விட்ட வார்னிஷ், வழிந்து காய்ந்த பசை, அவசரத்தில் குறுக்கே இழுத்த கீறல் எல்லாம் வரிசையாகத் தலைகாட்டும். பசை இருக்கிற இடத்தில் சாயம் இறங்காமல் தேமல்போல வெளுத்து நிற்கும். அதுதான் மரத்தின் இயற்கை அழகு என்பார்.

கல்லூரிக்குப் போகும் மகள் ஒரு யோசனை சொல்வாள். இங்கிலாந்தில் 1990-இல் ஆனி ஸ்லோன் என்ற அம்மையார் சாக் பெயிண்ட் என்று ஒன்று கொண்டுவந்தாராம். "உப்புத்தாளே போட வேண்டாம்பா, அப்படியே அடிக்கலாம்." உப்புத்தாள் வேண்டாமா? நாத்திகம் பேசும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார். அடித்துக் காய்ந்த பிறகு பழசுபோலத் தெரிய ஓரங்களை மட்டும் தேய்த்துவிட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் முகம் கொஞ்சம் தெளியும். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "பழசா ஆக்கணும்னா வந்தப்போ இருந்த மாதிரியே விட்டிருக்கலாமேடா" என்பாள். அந்த வீட்டில் தர்க்கம் படித்தவள் பாட்டி ஒருத்திதான்.

உச்சம் என்பது ஃப்ரெஞ்ச் பாலீஷ். அரக்கைச் சில்லுச் சில்லாக வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, தொட்டுத் தொட்டுத் தேய்ப்பது. பலாச மரத்திலும் இலந்தையிலும் ஒரு பூச்சி சுரப்பதுதான் அரக்கு என்று ஞானம் பொங்கச் சொல்லிவைப்பார். "பூச்சியோடதா? அது பூஜை ரூமுக்குள்ள வரக்கூடாது" என்று பாட்டி முக்காலியை வெளியே வைத்துவிடுவாள். மாலைகளில் கண் சிவந்து ஸ்பிரிட் வாசனையோடு படியிறங்கி வரும் அவரைப் பார்த்து, குடியிருப்புச் சங்கத்தில் வேறொரு வதந்தி உலவும். ஐப்பசி ஈரக்காற்றில் பூசினால் பாலீஷ் வெளிறிப் பனிமூட்டம் போட்டுவிடும். கார்த்திகை முடியட்டும் என்று காத்திருப்பார். அதற்குள் மூலையில் இன்னும் இரண்டு ஸ்டூல் சேர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து நாற்காலி கூடத்துக்கு வந்தபின் அது உட்காருவதற்கில்லை. "உட்காருங்க" என்று வாய் சொல்லும், கை தடுக்கும். "இன்னும் முழுசாக் காயலை." முக்காலியில் காபி வைக்க முடியாது, அரக்குப் பூச்சில் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். விருந்தாளி டபராவைக் கையில் ஏந்தியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே காலியாக இருக்கும் தேக்கு சிம்மாசனத்தைப் பாராட்ட வேண்டும். "பாண்டவருக்கு அரக்கு மாளிகை, நமக்கு அரக்கு நாற்காலி. அவங்களாவது உள்ள போய்ப் படுத்தாங்க" என்பது மனைவியின் நிரந்தர விமரிசனம்.

ஒருநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மனைவி கேட்காமல் கொள்ளாமல் பாலீஷ்காரரை வரவழைத்துவிடுவாள். அவர் நாற்காலியைச் சுற்றிவருவார். கையை விரலால் தடவுவார். குனிந்து, நாலாவது காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பிறகு அந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்பார்.

"யாரு சார் இதுல கை வெச்சது?"

நம்மவர் சற்றும் தயங்காமல் சொல்வார்: "தெரியலையேப்பா. வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது. ஆனா ஒண்ணு, நல்லாச் சுரண்டிப் பாரு. உள்ள தேக்கு."