காத்துப் போன கப்பல்

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. என்னங்க கன்னத்துல கை? கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வெக்கக் கூடாதும்பாங்க. உங்குளுது கவுறக்கூட இல்லீங்களே, மொட்ட மாடியில மல்லாந்துதானே கெடக்குது.

2018 ஆகஸ்ட் மாசம் மேட்டூர் 120 அடி ரொம்பி, நொடிக்கு 2 லட்சம் கன அடி போலத் தொறந்து விட்டாங்களே, பவானியில ஆத்தோர வீட்டுக்குள்ள எல்லாம் காவேரி பூந்துச்சே, அன்னிக்குப் புடிச்சுதுங்க உங்களுக்கு இந்தக் காத்துப் படகுக் கிறுக்கு. உங்க வீடு ஆத்துக்கு ரெண்டு மைல் தள்ளி, அதும் மேட்டுல. அங்க தண்ணி ஏறோணும்னா சங்கமேசுவரர் கோபுரம் முழுகோணும். அதச் சொன்னதுக்கு மாமனுக்குப் பொறாமைன்னீங்க. செரி, போகட்டும். கெணத்துல நாலு நாள் மெதந்துச்சு, பசங்க கும்மாளம் போட்டாங்க, அப்பறம் மாடிக்குப் போயிருச்சு.

கெட்டது அங்கதானுங்க. அது நெசமான ரப்பர் இல்லீங்க, பாலியஸ்டர் துணிமேல பி.வி.சி. பூசுனது. வளைஞ்சு குடுக்கறதுக்குன்னு அதுல ஒரு எண்ணெய்ப் பதம் கலந்திருப்பாங்க. வெயில்ல போட்டு வெச்சா அது கசிஞ்சு மேல வந்துரும். அதான் தொட்டாப் பலாப்பிசினாட்டம் கையில ஒட்டுது. இன்னும் ரெண்டு கோடை போனா அப்பளமாட்டம் நொறுங்கும். வெறும் ஓட்டைன்னா சோப்புத் தண்ணியத் தடவி, முட்டை விடற எடத்துல துண்டு வெச்சு ஒட்டிரலாம். உங்குளுக்கு மூட்டுப் பசையே சூட்டுல விட்டுப் போயி, ஓரம் பூராவும் வாயப் பொளந்துட்டு நிக்குது. அதுக்கு நீங்க சைக்கிள் கடை சொல்யூஷனப் பூசுனீங்க. அது டியூப் ரப்பருக்குப் புடிக்கும், பி.வி.சி.க்குப் புடிக்காதுங்க. மக்யா நாளே உரிஞ்சு வந்ததப் பாத்தேன். உங்க மனசு நோவுமேன்னு துண்டுல வாயப் பொத்திக்கிட்டேன்.

மறுக்காவும் அதத் தண்ணியில எறக்கற நெனப்பிருந்தா, அந்தக் கைக்கடியாரத்தக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க.

மெட்ராஸ்ல போகிக்குக் கொளுத்தறாப்புல கொளுத்தீரலாம்னு அம்மிணி சொல்லுச்சாமே? வேண்டாமுங்க. பி.வி.சி. எரிஞ்சா அமிலப் புகை வரும், டயாக்சின்ங்கற நஞ்சு வரும். அந்தப் படகுலயே அசோலாத் தொட்டி கட்டி எங்க மாட்டுக்குத் தீவனம் தர்றேன்னு நீங்க சொன்னது நல்ல மனசுதான். நாலு வெரக்கடைத் தண்ணியும் கொஞ்சம் சாணிக் கரைசலும் இருந்தா அசோலா படந்துரும். ஆனா கையில ஒட்டற பிசின் தண்ணிக்குப் போகாதுன்னு என்னங்க நிச்சயம்? தண்ணியில இருந்து அசோலா, அசோலாவுல இருந்து மாடு, மாட்டுல இருந்து எங்க காப்பி. வேண்டாமுங்க.

கவலை எறைச்ச காலத்துல சாலுக்கு அடியில தோல்தும்பி தொங்கும். அது கிழிஞ்சா எங்கய்யன் வீசமாட்டாரு. கெட்ட எடத்த அறுத்துப் போட்டுட்டு, நல்ல எடத்துல செருப்புக்கு வார் எடுப்பாரு, மிச்சத்துல படலுக்குக் கீல் போடுவாரு. உங்க கப்பல்ல போனது காத்துக் கொழாதானுங்களே? அடித்தட்டு மேல பழைய கட்டிலப் போட்டு வெச்சிருந்தீங்க, அதனால வெயில் படாம அது தப்பிச்சுக்கிச்சு. கொழாய அறுத்து விரிச்சு, ஒட்டற பக்கத்துல சாம்பலத் தூவித் தேச்சுட்டு, வெறகு மேல போடுங்க. கெணத்து மோட்டாருக்குக் கட்டறதுன்னா குடையாட்டம் மேல மட்டும் கட்டுங்க. சுத்திப் பொதிஞ்சு வெச்சா சூடேறிக் காயில் போயிரும், அப்பறம் அதுக்கும் என்னையத்தான் கூப்புடுவீங்க.

அடித்தட்டு இருக்குதே, அதுதானுங்க சமாச்சாரம். வளையத்தையும் கயித்தையும் அறுக்காம அப்படியே வெட்டி எடுத்தா, சாணிய வழிச்சுப் போட்டு குப்பைமேட்டுக்கு ஒத்தையாளா இழுத்துட்டுப் போலாம். ஈரத் தரையில வழுக்கிட்டு வரும், தண்ணியில போனத விட நல்லாவே போகும்.

ஆனா உங்கூட்டுல ஏதுங்க மாடு? பாலே பாக்கெட்டுலதானே வருது. எங்க சாளையில நாலு உருப்படி நிக்குது. அந்தத் தட்ட வண்டியில போட்டு அனுப்பி வெச்சிருங்க. துடுப்பு ரெண்டையும் தேடித் திரிய வேண்டாமுங்க. ஒண்ணு முந்தாநேத்துல இருந்து உங்கத்தை கையில ஜீவாமிர்தம் கலக்கீட்டு இருக்குது. இன்னொண்ணு கதவோரம் நிக்குதுங்க, தெரு நாய்க்கு.